தக்காளி வெட்டப் பதினொரு வாரம் எடுத்த ஒரு லட்சம் ரூபாய்க் கத்தி

நேற்றுப் பின்னேரம் அந்தக் கத்தி கடைசியில் ஒரு தக்காளியை வெட்டியது. நசுக்கவில்லை, தோலை இழுக்கவில்லை, வைத்த இடத்தில் தன் பாரத்திலேயே இறங்கியது. பக்கத்தில் நின்ற மனைவி "இதுக்குத்தானா இவ்வளவு நாள்?" என்று கேட்டுவிட்டு மிச்சத் தக்காளியைத் தன்னுடைய கத்தியாலேயே வெட்டி முடித்தாள். அவளுடையது சந்தையில் வாங்கிய 650 ரூபாய்க் கத்தி. என்னுடையது ஒரு லட்சத்துக்கு மேல். இடையில் போனது பதினொரு வாரம், ஒரு தீட்டுக்கல், மூன்று சாண்டர் பெல்ட், பெருவிரல் நகத்தின் ஓரம்.

கத்தி நான் வாங்கியதல்ல. ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் போன மார்கழியில் ஊருக்கு வந்தபோது சூட்கேசுக்குள் வைத்துக் கொண்டுவந்தது. "இது கடைச் சாமான் இல்ல மச்சான். ஒராள் தன்ட கையால செய்யிறது. எட்டு மாசம் காத்திருந்து எடுத்தன்" என்றான். 480 கனேடிய டொலர். கறுப்புப் பூச்சு, கறுப்புப் பிடி, கறுப்பு உறை. டாக்டிகல் கத்தி என்று இதற்குப் பெயர். படைக்குப் போகிறவன், காட்டில் வழி தவறியவன், கார்க் கதவை நெம்புகிறவன் எல்லோருக்கும் ஆகும் என்பது இந்த வகைக் கத்திகளின் புகழ். நான் இதில் ஒருவனும் இல்லை. மட்டக்களப்பு கல்லடியில் வள்ளங்களுக்கு பைபர் (கண்ணாடி இழை) ஒட்டி, எஞ்சின் கழற்றிப் பூட்டுகிற ஆள். எனக்குக் கயிறு வெட்ட வேண்டும், பைபர் பாய் வெட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமையில் மீன் வெட்ட வேண்டும். அதோடு, சோதனைச் சாவடிக் காலத்தில் வளர்ந்த எனக்கு இப்படி ஒரு சாமானை இடுப்பில் கட்டிக்கொண்டு திருமலை வீதியில் நடக்க இன்றைக்கும் மனம் வராது. அதனால் அது பட்டறை லாச்சிக்குள்ளேயே கிடந்தது.

முதல் நாளே சின்ன ஏமாற்றம். கை மயிரை மழிக்கிற அளவுக்குக் கூர் இருந்தது, ஆனால் 12 மில்லிமீற்றர் தும்புக்கயிற்றில் வைத்து இழுத்தால் பாதியில் நின்றது. தக்காளி பிதுங்கியது. வெங்காயம் வெட்டுப்படவில்லை, பிளந்தது. கூர் இருந்தும் வெட்டவில்லை என்றால் கோளாறு வேறெங்கோ இருக்க வேண்டும் என்று தடிப்பு அளக்கிற வேர்னியரை எடுத்தேன்.

அலகின் நீளம் 13 சென்ரிமீற்றர், அகலம் 34 மில்லிமீற்றர், முதுகின் தடிப்பு 5.8 மில்லிமீற்றர். உறை இல்லாமல் நிறை 340 கிராம். இதெல்லாம் பெரிய விசயமில்லை. விசயம் வாயில், அதாவது வெட்டுகிற விளிம்பில்தான் இருந்தது. கூர் தீட்டிய சரிவு தொடங்குகிற இடத்தில், அதாவது வாய்க்குச் சற்று மேலே, தடிப்பு 1.2 மில்லிமீற்றர். அம்மாவின் மீன் கத்தியை அதே இடத்தில் அளந்தேன்: 0.3. நாலு மடங்கு. ஒரு பக்கச் சரிவு ஏறத்தாழ 26 பாகை, இரண்டு பக்கமும் சேர்த்தால் ஐம்பதைத் தாண்டும். அது கத்தி வாயல்ல, உளி வாய்.

செய்தவரில் பிழை பிடிக்க இயலாது. நெம்பினாலும் உடையாத கத்தி வேண்டும் என்று கேட்கிறவர்களுக்காகச் செய்தது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய கொமாண்டோக்களுக்கு 1941இல் கொடுத்த ஃபேர்பேர்ன்–சைக்ஸ் கத்தி குத்துவதற்கென்றே செய்த மெல்லிய சாமான். அதை வைத்து நெம்பியவர்கள் முனையை முறித்தார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்க மரைன் படை ஏற்றுக்கொண்ட ஏழு அங்குலக் கத்தி தடித்தது, ஆனால் அதன் முதுகே 4 மில்லிமீற்றரைச் சற்றுத்தான் தாண்டும். மெய்யாகவே போருக்குப் போன கத்தி 4, ரொறன்ரோவில் அலுமாரிக்குள் இருந்த கத்தி 5.8!

சரி, வாயை மெலிக்கலாம் என்று முடிவெடுத்தேன். முதல் பிழை அங்கேதான். வீட்டில் இருந்த சாதாரணக் கார்போரண்டம் கல்லில் மூன்று இரவு தேய்த்தேன். கத்தி அசையவில்லை, கல்தான் நடுவில் குழிந்தது. அலகில் டீ-2 என்று பொறித்திருந்ததை அப்போதுதான் யோசித்தேன். டீ-2 அச்சு வெட்டுகிற கருவிகளுக்கான உருக்கு. கரி ஒன்றரை வீதம், குரோமியம் பன்னிரண்டு வீதம். இரண்டும் சேர்ந்து உருக்குக்குள்ளே கல்லைப் போன்ற பருக்கைகளை உண்டாக்குகின்றன. சாதாரணக் கல்லில் அவை மிக மெதுவாகத்தான் தேயும். அதற்கு வைரத் தூள் பதித்த தகடு நல்லது.

வைரத் தகடு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அந்தப் பத்து நாள் பொறுக்காததுதான் இரண்டாவது பிழை, பெரிய பிழையும் அதுதான். பெஞ்ச் கிரைண்டரில் பிடித்தேன். எஞ்சின் பிளேட்டுகளை எத்தனையோ தரம் அதில் பிடித்த கை, பயமில்லை. முனைப் பக்கம் போகும்போது அலகு ஒடுங்குகிறது, ஒடுங்கின இடத்தில் சூடு ஓட வழியில்லை. மூன்று விநாடிதான் இருக்கும், முனையில் ஒன்றரை சென்ரிமீற்றர் மயிற்கழுத்து நீலமாகிவிட்டது. நீலம் வந்தால் அந்த இடம் குறைந்தது 300 பாகை சூட்டைத் தொட்டுவிட்டது என்று கணக்கு. வாயின் ஓரம் அதைவிடக் கூடச் சுட்டிருக்கும். பிறகு சோதித்தபோது அந்த ஒன்றரை சென்ரிமீற்றரில் மட்டும் வாய் மடிந்தது, மற்ற இடம் நின்றது. ஒரு லட்சம் ரூபாயில் பெரும்பங்கு அந்தப் பதத்துக்கு, அதாவது காய்ச்சி ஏற்றிய இறுக்கத்துக்குக் கொடுத்த காசு. அதை மூன்று விநாடியில் எரித்தேன்.

திருத்த ஒரே வழி, சூடுபட்ட உருக்கை அகற்றுவது. ஆரையம்பதியில் அலுமினியப் பொருத்து வேலை செய்கிற சிநேகிதனிடம் பெல்ட் சாண்டர் இருக்கிறது. செரமிக் பெல்ட், 60 தரம் (சொரசொரப்பின் எண்). இந்தமுறை கையுறை போடவில்லை. கையுறை போட்டால் சூடு தெரியாது. வெறும் விரலை அலகின் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு இழுவை, உடனே வாளித் தண்ணீரில் ஒரு முக்கு. பெருவிரல் நகத்தின் ஓரம் போனது இப்போதுதான். முனையில் 2 மில்லிமீற்றர் தேய்ந்து போனபிறகு அரத்தை வைத்தேன், பிடிக்காமல் வழுக்கியது. பதமுள்ள உருக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு இரண்டு பக்கமும் பாதி உயரம் வரைக்கும் மெலித்தேன். இரண்டு சனிக்கிழமை, மூன்று பெல்ட். வாய்க்கு மேலே தடிப்பு 1.2இலிருந்து 0.45 ஆனது. கறுப்புப் பூச்சும் போனது. அந்தப் பூச்சோடு இன்னொன்றும் போனது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அதற்குள் வைரத் தகடுகள் வந்தன, 400 தரம் ஒன்று, 1000 தரம் ஒன்று. கோணத்துக்குக் கருவி எதுவும் வாங்கவில்லை. அகலம் 34 மில்லிமீற்றர் என்றால் முதுகின் நடுக்கோடு தகட்டிலிருந்து பத்தரை மில்லிமீற்றர் உயர்ந்து நிற்கும்போது ஒரு பக்கம் 18 பாகை. அந்த உயரத்துக்கு ஒரு மர ஆப்பு சீவி, ஒவ்வொரு பத்து இழுவைக்கும் ஒருமுறை அதை வைத்துப் பார்த்தேன். வாயில் கறுப்பு மார்க்கர் பூசிக்கொண்டு தேய்த்தால் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்று உடனே தெரியும். இந்த ஒரு வேலைக்கு மார்க்கரைவிட நல்ல கருவி நான் காணவில்லை.

18 பாகையில் கயிறு வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டது. சந்தோசத்தில் தென்னை மட்டை ஒன்றைக் கொத்திப் பார்த்தேன். மூன்று இடத்தில் வாய் பொரிந்தது. மடியவில்லை, பொரிந்தது, நகத்தால் தடவினால் பல் பல்லாகத் தட்டுப்படும். டீ-2வை இவ்வளவு மெல்லியதாக்கிக் கொத்தக்கூடாது. மறுபடியும் தேய்த்துப் பொரிந்ததை எடுத்துவிட்டு, ஆகக் கடைசி விளிம்பில் மட்டும் 22 பாகையில் ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு இழுவை கொடுத்தேன். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சரிவு. அதற்குப்பிறகு பொரியவில்லை.

இதற்கிடையில் சிநேகிதன் ஒரு கேள்வி கேட்டிருந்தான். "இதையெல்லாம் நீயே செய்யிறாய் எண்டா, அந்த ஒரு லட்சம் எதுக்கு?" அதற்குப் பதில் தெரியவேண்டுமென்றால் ஒரு கத்தியை அடியிலிருந்து செய்து பார்க்கத்தான் வேண்டும். மண்முனைப் பாலத்தால், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கிற ஒரு கொல்லர் கம்மாலைக்குப் போனேன். 2014இல் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தில் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு மண்வெட்டி தோய்ச்சல் போட (காய்ச்சி முக்கி இறுகவைக்க) அதே கம்மாலைக்கு அப்படித்தான் போவார். இப்போது அங்கே இருப்பது அன்றைய கொல்லரின் மகன், அவருக்கும் எழுபது நெருங்குகிறது. துருத்தி போய் மின் ஊதி வந்திருக்கிறது, மற்றபடி அதே சிரட்டைக்கரி உலை.

மச்சானின் கத்தியை முதலில் அவரிடம் கொடுத்தேன். முதுகைச் சுண்டிப் பார்த்தார், பிடியை இறுக்கிப் பார்த்தார். "வேலை சுத்தம் மகன். கத்தியா, அலவாங்கா?" என்றார். நான் வேர்னியரால் கண்டுபிடித்ததை மனுசன் கையால் கண்டுபிடித்தார்.

லொறி ஸ்பிரிங் தகட்டில் ஒரு அடித் துண்டு, 60 மில்லிமீற்றர் அகலம், 7 மில்லிமீற்றர் தடிப்பு. இரும்புக்கடையில் நிறுத்து 450 ரூபாய் எடுத்தார்கள். அதை இரண்டாகப் பிளந்து, ஒன்றை அவர் அடிக்க நான் குறட்டால் பிடித்தேன். முக்கால் மணித்தியாலத்தில் முதுகு 3 மில்லிமீற்றருக்கு வந்து, வாய்ப்பக்கம் மெலிந்து, முனை வளைந்து கத்தியின் உருவம் வந்துவிட்டது. அதைப் பார்த்தபோது பெல்ட் சாண்டரில் கழித்த இரண்டு சனிக்கிழமையும் நினைவுக்கு வந்தன. சாம்பலுக்குள் புதைத்து ஒரு இரவு ஆறவிட்டு, அடுத்த நாள் அரம் போட்டு ஒழுங்காக்கினேன்.

தோய்ச்சலில்தான் மூன்றாவது பிழை. "இது மெல்லிசு, எண்ணெயில போடுவம்" என்றார் அவர். தண்ணீர் என்றால் இன்னும் இறுகும் என்று எங்கோ பார்த்ததை வைத்துக்கொண்டு நான் வாதாடினேன். "சரி, உன்ட கத்தி" என்று தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். காந்தம் ஒட்டாத சிவப்பு வரும்வரை காய்ச்சி அப்படியே இறக்கினேன். தொட்டிக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "மறுகா மற்றத் துண்ட எடு" என்றார். தூக்கிப் பார்த்தால் வாயிலிருந்து முதுகுப் பக்கம் 2 சென்ரிமீற்றர் மயிரளவு வெடிப்பு.

இரண்டாவது துண்டுக்குத் தேங்காய் எண்ணெய், ஒன்றரை லீற்றர். கை பொறுக்கிற சூட்டுக்குக் கொஞ்சம் மேலே காய்ச்சி வைத்தோம். குளிர்ந்த எண்ணெய் தடிப்பாக இருக்கும், சூட்டை மெதுவாகத்தான் இழுக்கும். இளஞ்சூட்டு எண்ணெய் வேகமாக இழுக்கும். அரம் வழுக்கியது, வெடிக்கவில்லை. முனை மட்டும் ஒரு நூல் அளவு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. சூடு ஆறுவதற்குள் மரக்குற்றியில் வைத்து அவர் தட்டி நிமிர்த்தினார். அந்தத் தட்டலை நான் தட்டியிருந்தால் மூன்றாவது துண்டு தேடியிருக்க வேண்டும்.

பதம் இறக்கியது, அதாவது நொறுங்காமல் இருக்க இறுக்கத்தைச் சற்றுக் குறைத்தது வீட்டில், மனைவி கேக் சுடுகிற ஓவனில். 200 பாகை, ஒரு மணித்தியாலம், ஆறவிட்டு மறுபடியும் ஒரு மணித்தியாலம். உருக்கு வைக்கோல் நிறத்துக்கு வந்தது. எண்ணெயைச் சரியாகத் துடைக்காததால் வீடு முழுக்கப் புகை மணம். அந்த வாரம் கேக்கும் இல்லை, கதையும் இல்லை. பிடிக்கு, பழைய வீட்டு யன்னல் சட்டத்தில் கிடந்த முதிரை மரம். பித்தளை ஆணி இரண்டு, இடையில் எப்பொக்சி. உறையை ஒரு சப்பாத்துத் தைக்கிறவரிடம் மாட்டுத்தோலில் தைப்பித்தேன்.

அப்புறம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றாவதாக மனைவியின் 650 ரூபாய்க் கத்தியும். மூன்றையும் ஒரே தகட்டில் தீட்டி, பலகையில் வைத்து அதே தும்புக்கயிற்றை வெட்டினேன். பத்து வெட்டுக்கு ஒருமுறை பத்திரிகைத் தாளைச் சீவிப் பார்ப்பது, தாள் கிழிந்தால் அதோடு நிறுத்துவது. மனைவியின் கத்தி 20 வெட்டு. லொறிக் கத்தி 60. மச்சானின் கத்தி 170. மூன்று மடங்குக்குக் கிட்ட. இதை ஒளிக்க ஒன்றுமில்லை, அந்தப் பதம் உண்மையான பதம். டீ-2வை ஆயிரம் பாகைக்கு மேலே, கூடக் குறைய விடாமல் பிடித்து வைத்திருந்து ஆற்ற வேண்டும். சிரட்டைக்கரி உலையில் கண்ணளவில் செய்கிற வேலையல்ல அது. சிநேகிதனின் கேள்விக்கு அரைவாசிப் பதில் இதுதான்.

மற்ற அரைவாசி அவ்வளவு நல்லதல்ல. மழுங்கியபிறகு லொறிக் கத்தியைத் தீட்ட ஐந்து நிமிடம், எந்தக் கல்லிலும், வாசற்படிக் கருங்கல்லிலும்கூட. மச்சானின் கத்திக்கு வைரத் தகட்டில் நாற்பது நிமிடம். இரண்டரைக் கிலோ பாரை ஒன்றை வெட்டியபோது சதை எடுக்க லொறிக் கத்தி நன்றாக வளைந்து கொடுத்தது. தலையைப் பிளக்க மச்சானின் கத்தி. ஈரக் கையில் அந்த ஜி-10 (கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து அழுத்திய பலகை) பிடி வழுக்கவே இல்லை, முதிரைப் பிடி வழுக்கியது. இளநீர் சீவ இரண்டுமே உதவாது. அதற்கு அப்பாவின் மன்னாக் கத்திதான், 78ஆம் ஆண்டுச் சூறாவளியில் விழுந்த தென்னைகளை வெட்டிய அதே கத்தி. நீளமும் பாரமும் இல்லாமல் உருக்கு மட்டும் என்ன செய்யும்?

மீன் தண்ணீரோடு இரண்டையும் ஒரு இரவு வெளியே விட்டேன். காலையில் லொறிக் கத்தி முழுக்க மண்ணிறம். மச்சானின் கத்தியில் பூச்சு போன இடமெல்லாம் புள்ளி புள்ளியாகத் துரு. பன்னிரண்டு வீதம் குரோமியம் இருந்தும் அதில் ஒரு பெரிய பங்கு அந்தப் பருக்கைகளுக்குள் கட்டுண்டு கிடக்கிறது, துருவைத் தடுக்க மிஞ்சுவது போதாது. வாவிக் காற்றில் இரண்டுக்கும் ஒரே வைத்தியம், தோய்ச்சல் போட்ட தேங்காய் எண்ணெயில் மிச்சம் எடுத்து ஒரு துணியால் துடைப்பது. அந்தக் கைடெக்ஸ் என்கிற பிளாஸ்ரிக் உறை மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. கடற்கரை மணல் உள்ளே போனால் வெளியே வராது, ஒவ்வொரு தரம் சொருகும்போதும் கீறும்.

செலவு. மச்சானின் கத்தியைத் திருத்த: வைரத் தகடு இரண்டு 3,400, பெல்ட் மூன்று 2,550, குழிந்த கல்லுக்குப் பதில் அம்மாவுக்குப் புதுக்கல் 700. மொத்தம் 6,650 ரூபாய். புதுக் கத்திக்கு: தகடு 450, கொல்லருக்கு 3,500 (அவர் கேட்டது 2,500, வெடித்த துண்டுக்கு நானாக வைத்தது ஆயிரம்), தேங்காய் எண்ணெய் 1,600, பித்தளையும் எப்பொக்சியும் 780, உறை 900. மொத்தம் 7,230. இதில் எண்ணெய் இன்னும் முக்கால்வாசி இருக்கிறது.

அடுத்தமுறை பெஞ்ச் கிரைண்டருக்குக் கிட்டவே போகமாட்டேன். வைரத் தகடு வரும்வரை பொறுப்பேன். தண்ணீர், எண்ணெய் விசயத்தில் வாயைத் திறக்கமாட்டேன். லொறிக் கத்தியின் முதுகு 3 மில்லிமீற்றர் என் வேலைக்குச் சற்றுக் கூட, இரண்டரைக்கு இறக்கச் சொல்வேன். பிடியில் இரண்டு குறுக்குக் கோடு அரத்தால் போட்டால் ஈரக் கையில் நிற்கும் என்று நினைக்கிறேன். இப்போது வள்ளத்துக்குப் போகும்போது என்னோடு வருவது லொறிக் கத்தி. பைபர் பாய் வெட்ட மட்டும் மச்சானின் கத்தி; கண்ணாடி இழை மற்ற வாய்களை ஒரு மணித்தியாலத்தில் தின்றுவிடும், அதைத் தின்ன முடியவில்லை.

பூச்சோடு போன மற்றது, செய்தவரின் முத்திரை. வாய்க்கு மேலே, இடது பக்கத்தில் சின்னதாகப் பொறித்திருந்தார். பெல்ட்டில் பிடிக்கும்போது கவனிக்கவில்லை, இப்போது முதல் இரண்டு எழுத்து மட்டும் மங்கலாகத் தெரிகிறது. இப்படிப்பட்ட கத்திகளை வாங்கி விற்கிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தானாம். மச்சான் மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு, ஆடி அமாவாசைக்கு வருகிறான். நேற்றுத் தொலைபேசியில் "கத்தி எப்பிடி, பாவிக்கிறியா?" என்று கேட்டான். "ஓம், தக்காளி நல்லா வெட்டுது" என்றேன்.